இயந்திரத்தருகே பயன்படும் தர ஆவணங்கள்: தரப்பிரிவில் புதிதாகச் சேர்ந்தோருக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் இயங்கும் சிறு இயந்திரப் பட்டறைகளில், டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்துத் தரப்பிரிவில் சேரும் இளைஞருக்குச் சில மாதங்களுக்குள் எப்படியும் வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. “ஐஎஸ்ஓ ஆடிட் வருகிறது, டாக்குமெண்ட் எல்லாம் ரெடி பண்ணிவிடுங்கள்” என்று மேலாளர் சொல்வார். கூடவே ஒரு பழைய கோப்பும் கைக்கு வரும். அது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துக்காக எழுதப்பட்டு, பெயர் மட்டும் மாற்றப்பட்ட கோப்பாக இருக்கும். பொறுமையாகப் புரட்டினால், ஏதோ ஒரு பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பொருளோ இயந்திரமோ திருத்தப்படாமல் நிற்பதைக் காணலாம். அந்தக் கோப்பை மேலும் அழகாகத் தட்டச்சு செய்வதில் நேரத்தைச் செலவிடாமல், பட்டறையில் நிற்பவர் எடுத்துப் பார்க்கும்படியான ஆவணங்களை உருவாக்குவது எப்படி என்பதையே இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சிஎன்சி டர்னிங் (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்தில் உலோகத்தைக் கடைதல்) வேலையிலிருந்தும், ஓரிடத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலிருந்தும் வருகின்றன.

தரநிலை உண்மையில் என்ன கேட்கிறது

எல்லாவற்றையும் எழுதி வைத்தே ஆக வேண்டும் என்ற பயத்தை முதலில் போக்கிக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 9001 என்னும் பன்னாட்டுத் தரமேலாண்மைத் தரநிலை 1987இல் முதன்முதலாக வெளிவந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வரை தரக் கையேடு ஒன்றும், ஆவணக் கட்டுப்பாடு, பதிவுக் கட்டுப்பாடு, உள்தணிக்கை, குறையுள்ள பொருளைக் கையாளுதல், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை ஆகிய ஆறு எழுத்துவடிவ நடைமுறைகளும் கட்டாயமாக இருந்தன. 2015ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தக் கட்டாயங்களை எடுத்துவிட்டது. எழுதி வைத்தே ஆக வேண்டியவை என்று அது பெயர் சொல்லிக் கேட்பவை மிகச் சில: தரமேலாண்மை அமைப்பு எந்தெந்த வேலைகளுக்குப் பொருந்தும் என்னும் எல்லை, தரக் கொள்கை, தர இலக்குகள். செயல்முறைகளைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும் என்பதைத் தேவையான அளவுக்கு என்று நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டது. நிறுவனத்தின் அளவு, வேலையின் சிக்கல், ஆட்களின் திறமை ஆகியவற்றைப் பொறுத்து அந்த அளவு மாறும் என்பதையும் 7.5ஆம் பிரிவின் குறிப்பிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் பதிவுகளின் விஷயத்தில் தரநிலை அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. அளவுக் கருவிகள் நம்பத்தக்கவை என்பதற்கு, ஆட்களின் தகுதிக்கு, வாடிக்கையாளர் கேட்டதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டதற்கு, மூலப்பொருள் தருவோரை மதிப்பிட்டதற்கு, பொருளை வெளியே அனுப்ப ஒப்புதல் கொடுத்தவர் யார் என்பதற்கு, குறையுள்ள பொருளை என்ன செய்தோம் என்பதற்கு, உள்தணிக்கைக்கு, மேலாண்மை மீளாய்வுக்கு, திருத்த நடவடிக்கைக்கு என ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்கும். ஆகவே, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தாள்களைக் குறைவாகவும் கூர்மையாகவும் எழுதி, என்ன செய்தோம் என்று காட்டும் பதிவுகளில் கூடுதல் அக்கறை வைப்பதே சிறு பட்டறைக்கு ஏற்ற வழி. வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஐஏடிஎஃப் 16949 என்னும் வாகனத் துறைத் தரமேலாண்மைச் சான்றும் பெற வேண்டியிருந்தால், அங்கே தரக் கையேடு இன்றும் கட்டாயம். அதற்கெனத் தனிப்பட்ட கூடுதல் விதிகளும் உண்டு. எந்தத் தரநிலைக்காக எழுதுகிறோம் என்பதை முதல் நாளிலேயே மேலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன் நடந்து பாருங்கள்

ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பட்டறையில் அதிகம் ஓடும் பொருளாக இருந்தால் நல்லது. அதன் மூலப்பொருளான கம்பி லாரியிலிருந்து இறங்கும் இடம் தொடங்கி, வெட்டுதல், டர்னிங், துளையிடுதல், பர் (விளிம்பில் நிற்கும் உலோகப் பிசிறு) எடுத்தல், இறுதிப் பரிசோதனை, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்குதல், டெலிவரி சலான் போடுதல் வரை அதனுடனேயே செல்லுங்கள். ஒவ்வோரிடத்திலும் மூன்று கேள்விகள் போதும்: இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், சரியாக வந்திருக்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், சரியில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள்.

இப்படி நடக்கும்போது அலுவலகக் கோப்பில் இல்லாத பல ஆவணங்கள் கண்ணில் படும். இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரின் சட்டைப்பையில் உள்ள சிறு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்குமான சக் (பொருளைப் பிடிக்கும் பிடி) அழுத்தமும், எத்தனை பீஸுக்குப் பின் இன்சர்ட்டை (வெட்டும் முனை) மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கையும் இருக்கும். இயந்திரத்தின் கதவில் மார்க்கரால் எழுதிய ஆஃப்செட் (வெட்டும் அளவைச் சரிசெய்யும் திருத்தம்) எண் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ட்ராயிங்கின் புகைப்படம் யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கும். இவற்றைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பட்டறையை உண்மையில் நடத்திக்கொண்டிருப்பவை இவைதாம். செட்டரிடம் அனுமதி கேட்டு அந்த நோட்டைப் படி எடுத்துக்கொண்டாலே உங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். “அண்ணா, நீங்கள் ஊருக்குப் போனால் இந்த வேலையை யார் செட் பண்ணுவார்கள்?” என்று அவரிடமே கேளுங்கள். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அவர் விடுப்பு எடுத்த நாளில் எந்த வேலை நின்றதோ, எதில் ரிஜெக்ஷன் ஏறியதோ, அங்கேதான் முதல் ஆவணம் தேவைப்படுகிறது.

எல்லா வேலைக்கும் ஆவணம் எழுத வேண்டும் என்பதில்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தால் பொருள் கெடும் வேலை, அடிக்கடி ஆள் மாறும் வேலை, மாதத்துக்கு ஒருமுறையே வருவதால் மறந்துபோகும் வேலை, தவறு நடந்தால் வாடிக்கையாளர் கைக்குப் போன பின்னரே தெரியவரும் வேலை ஆகிய நான்குக்கும் எழுதுங்கள். தரையைப் பெருக்குவதற்கும் பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்கும் ஐந்து பக்க நடைமுறை எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அவற்றின் நடுவே, படிக்க வேண்டிய ஒன்றிரண்டு தாள்களும் கவனிக்கப்படாமல் போய்விடுகின்றன.

ஒரு வேலைக் குறிப்பை எழுதுதல்

ஒரு புஷ்ஷின் (உள்ளீடற்ற உருளை வடிவ உதிரிபாகம்) வெளிவிட்டத்தைச் சிஎன்சி லேத்தில் கடைவதை எடுத்துக்கொள்வோம். ட்ராயிங்கின்படி விட்டம் 31.90 முதல் 32.00 மி.மீ. வரை இருக்கலாம். கோப்புகளில் வழக்கமாகக் காணப்படும் வாசகம், “ஆபரேட்டர் ட்ராயிங்கின்படி பொருளின் அளவைச் சரிபார்த்து, தரத்தை உறுதி செய்ய வேண்டும்” என்பதாக இருக்கும். இந்த வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை, பயனும் இல்லை. எதைக் கொண்டு அளப்பது, எத்தனை பீஸுக்கு ஒருமுறை அளப்பது, எல்லை தாண்டினால் அடுத்து என்ன செய்வது என்ற மூன்றையும் அது இரவு ஷிஃப்டில் தனியாக நிற்பவரிடமே விட்டுவிடுகிறது.

அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஷிஃப்ட் தொடக்கத்திலும், இன்சர்ட் மாற்றிய பின்னும் வரும் முதல் பீஸைச் செட்டரோ இன்ஸ்பெக்டரோ அளந்து கையெழுத்திட்ட பிறகே இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டவும். பின்னர் ஒவ்வொரு 10ஆவது பீஸையும் கூலன்ட்டைத் துடைத்துவிட்டு 25–50 மி.மீ. மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில் அளந்து, வந்த எண்ணைப் படிவத்தில் எழுதவும். விட்டம் 31.98ஐத் தாண்டினால் ஆஃப்செட்டில் 0.03 குறைக்கவும், அதற்கு மேல் தேவைப்பட்டால் செட்டரை அழைக்கவும். 32.00ஐத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தி, கடைசியாகச் சரியாக அளந்த பீஸுக்குப் பின் வந்த அனைத்தையும் சிவப்புத் தொட்டியில் போட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லவும்.”

இதில் கவனிக்க வேண்டியவை பல. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு செயலும் அதற்கான அளவும் இருக்கின்றன. கருவியின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது, ஏனெனில் 0.10 மி.மீ. இடைவெளியை அளக்கும் கருவி அதில் பத்தில் ஒரு பங்கையாவது, அதாவது 0.01 மி.மீ. அளவையாவது காட்ட வேண்டும் என்பது பட்டறைகளில் பின்பற்றப்படும் பொதுவிதி; 0.02 காட்டும் வெர்னியரை எடுத்து அளந்தால் எல்லையோரப் பீஸ்களில் ஏமாறுவோம். இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகும் என்பதால், எல்லையைத் தொடும் முன்பே தலையிடுவதற்கான எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆபரேட்டரின் அதிகாரம் எதுவரை, செட்டரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதும் தெளிவாக இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசி வாக்கியத்தைத்தான். அளவு தவறிய ஒரு பீஸை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதற்கு முன் அளக்காமல் போன ஒன்பதையும் நல்ல பெட்டியிலேயே விட்டுவிடுவதால்தான் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது.

குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டரை வைக்க வேண்டிய இரு இடங்களையும் அம்புக்குறியிட்டுக் காட்டும் புகைப்படம் ஒன்று இருந்தால், பத்து வரி விளக்கம் தேவைப்படாது. ஓசூரில் ஒரே ஷிஃப்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் பேசுவோர் அருகருகே நிற்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. மொழி, படம், காகிதமா திரையா என்பவற்றை ஏற்றவாறு தேர்ந்துகொள்ளும்படியே 7.5.2ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் எழுதும்போது இயந்திரத்தோடு புழங்கும் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆஃப்செட், சக், இன்சர்ட் என்று நாள் முழுவதும் பேசுபவருக்கு அகராதிச் சொல்லைக் கொடுத்தால் அவர் இன்னொருவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

எழுதி முடித்ததும் நேராக மேலாளரின் கையெழுத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த இயந்திரத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, செட்டரை அருகில் வைத்துக்கொண்டு, அதன்படி செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த வரியில் தயங்கித் தலையை நிமிர்த்துகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். செட்டர் “இப்படி யாரும் செய்வதில்லையே” என்று சொன்னால், அது இன்னும் பெரிய செய்தி: ஒன்று தாள் தவறு, அல்லது நடைமுறை தவறு, இரண்டில் எது என்பதைச் சூப்பர்வைசரையும் வைத்துக்கொண்டு அங்கேயே முடிவு செய்ய வேண்டும். நடைமுறைக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தணிக்கையாளர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஏனெனில் அவர் அலுவலகத்தில் உங்களைக் கேட்பதைவிட இயந்திரத்தருகே ஆபரேட்டரைக் கேட்பதையே விரும்புவார்.

பருவ வேலைக்கு எழுதும்போது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பகுதி மாங்கூழ் ஆலைகளில் நிலைமை சற்று வேறு. பெங்களூரா, அல்போன்சா பழங்கள் குவியும் சில மாதங்களே அங்கே வேலை. பழம் வரத் தொடங்கிவிட்டால் யாருக்கும் யாரையும் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. சென்ற ஆண்டு பழம் தரம் பிரித்தவர்கள் இந்த ஆண்டு வருவார்கள் என்ற உறுதியும் இல்லை. எனவே குறிப்புகள் அனைத்தும் முதல் லோடு இறங்கும் முன்பே திருத்தப்பட்டு, புதியவர்களுக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும். தரம் பிரிக்கும் இடத்தில் எழுத்தைவிட மாதிரிப் படங்களே பேச வேண்டும்: ஏற்கத்தக்க பழுத்த நிலை, ஏற்க முடியாத அழுகல், வண்டு துளைத்த பழம் என்று அடுத்தடுத்து ஒட்டிய பெரிய படங்கள். ஆய்வகத்தில் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சிவடித்த நீரில் பூச்சியம் பார்த்த பிறகே பிரிக்ஸ் (கூழில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) அளக்கவும், பிஎச் மீட்டரை பிஎச் 4, 7 எனத் தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிறகே பயன்படுத்தவும் சொல்லும் சிறு அட்டை, கருவியின் பக்கத்திலேயே தொங்க வேண்டும். தரை முழுதும் ஈரமும் கூழும் இருக்கும் இடத்தில் காகிதம் அரை நாள் தாங்காது. லேமினேஷன் செய்யாத தாளை அங்கே ஒட்டுவது வீண்செலவு. உணவு ஆலை என்பதால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்கீழ் வைக்க வேண்டிய பதிவுகளும் உண்டு. அவற்றுக்கென்று தனிக் கோப்பு, தர அமைப்புக்கென்று தனிக் கோப்பு என இரட்டை வேலை செய்யாமல், ஒரே படிவம் இரண்டுக்கும் பயன்படும்படி அமைத்துக்கொள்ளலாம்.

நிரப்பக்கூடிய படிவம்

பதிவுப் படிவத்தின் தரம், அது நிரப்பப்பட்டு வரும்போதுதான் தெரியும். மாதம் முழுவதுக்குமான தாள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் நிரம்பியிருந்தால், அது மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பப்பட்டது என்று யாருக்கும் புரியும். அதற்கு ஆபரேட்டரைக் குறைசொல்லும் முன், அந்தப் படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பேனா இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் கையோடு அறையைத் தாண்டிப் போய் எழுத வேண்டிய படிவம் வேலை நேரத்தில் நிரம்பாது.

“சரி” என்று டிக் போடும் கட்டங்களைக் குறைத்து, அளந்த எண்ணை எழுதும் கட்டங்களைக் கூட்டுங்கள். 31.93, 31.95, 31.96, 31.98 என்று வரிசையாக எழுதியிருந்தால் இன்சர்ட் தேய்வது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். நான்கு டிக் குறிகளிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டத்தின் தலைப்பிலேயே ஏற்கும் எல்லையை அச்சிட்டுவிடுங்கள். தவறாக எழுதியதை ஒற்றைக்கோடு இட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெள்ளை மையால் அழித்த பதிவைத் தணிக்கையாளர் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. யாரும் திரும்பிப் பார்க்காத கட்டம் ஒன்று படிவத்தில் இருந்தால், அதை எடுத்துவிடத் தயங்க வேண்டாம்.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை ஐஎஸ்ஓ 9001 நிறுவனத்திடமே விடுகிறது. வாடிக்கையாளரின் ஒப்பந்தமும் சட்டமும் சொல்வதைப் பார்த்து முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். ஐஏடிஎஃப் 16949இன் கீழ், உதிரிபாகத்துக்கான ஒப்புதல் கோப்புகள், டூலிங் (உற்பத்திக்கான அச்சு, கருவிகள்) பதிவுகள், கொள்முதல் ஆணைகள் போன்றவற்றை, அந்தப் பொருள் உற்பத்தியிலும் சர்வீஸ் தேவையிலும் இருக்கும் காலம் முழுவதும், அதன்பின் ஓர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும்.

பழைய தாளைத் திரும்பப் பெறுதல்

புதிய ரிவிஷன் (திருத்திய பதிப்பு) வந்த பிறகும் பழைய ட்ராயிங்கை வைத்துப் பொருள் செய்வதுதான் சிறு பட்டறைகளில் அதிகச் செலவு வைக்கும் ஆவணப் பிழை. ஒவ்வோர் ஆவணத்திலும் அதன் எண், ரிவிஷன், தேதி, ஒப்புதல் தந்தவர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எண்முறை எளிதாக இருக்கட்டும், டர்னிங்-03 என்றால் போதும். பட்டியல் ஒன்றில் எந்த ஆவணத்தின் எந்த ரிவிஷன் எந்த இயந்திரத்தில் உள்ளது என்று எழுதி வையுங்கள். புதிய நகலைக் கொடுக்கும் கையோடு பழைய நகலை வாங்கிவிட வேண்டும். பழையது கைக்கு வராமல் புதியதைக் கொடுப்பதில்லை என்பதை வழக்கமாக்குங்கள். அலுவலகத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கும் பழைய பிரதியில் ‘காலாவதி’ என்று பெரிய முத்திரை இடுங்கள்.

வாடிக்கையாளரின் மாற்றம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையும் கட்டுப்படுத்த வேண்டும். மின்னஞ்சல் ஒருவருக்கு, வாட்ஸ்அப் இன்னொருவருக்கு, தொலைபேசியில் செட்டருக்கு என்று வந்தால் எந்தப் பட்டியலும் பயன் தராது. எல்லா ட்ராயிங்கும் ஒருவர் கைக்கு மட்டுமே வந்து, அவர் முத்திரையிட்ட பிறகே பட்டறைக்குள் போக வேண்டும். வாடிக்கையாளரின் பொறியியல் மாற்றங்களை 10 வேலை நாட்களுக்குள் மீளாய்வு செய்து முடிக்க வேண்டும் என்று ஐஏடிஎஃப் எதிர்பார்க்கிறது. மாற்றம் வந்த தேதியைப் பதிவு செய்யாதவரால் அதைக் காட்ட முடியாது. கைப்பேசியில் உள்ள ட்ராயிங் படங்களை அழிக்கச் சொல்வது சற்றுச் சங்கடமான வேலைதான். ஆனாலும் செய்ய வேண்டும். சரியான தாள் இயந்திரத்தருகே எப்போதும் இருந்தால் செட்டர்கள் கைப்பேசியைத் தேட மாட்டார்கள்.

புகார் வந்த பிறகு

குறையுள்ள பீஸை ரீவொர்க் செய்வதும் (திருத்திச் சரிசெய்வதும்), மீண்டும் அது நேராதபடி காரணத்தை நீக்குவதும் இரண்டு வேறு வேலைகள். படிவத்திலும் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். காரணம் என்ற இடத்தில் “ஆபரேட்டரின் கவனக்குறைவு” என்றும், நடவடிக்கை என்ற இடத்தில் “பயிற்சி அளிக்கப்பட்டது” என்றும் எழுதி மூடப்பட்ட அறிக்கைகள் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. இந்த இரண்டு வாசகங்களையும் ஏற்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே அறிக்கைகள் திருந்தத் தொடங்கும். கவனம் ஏன் தவறியது என்று மேலும் கேட்டால், இரண்டு ஒத்த தோற்றமுள்ள பீஸ்கள் ஒரே மேசையில் இருந்தன, விளக்கு எரியவில்லை, குறிப்பில் கருவியின் பெயர் இல்லை என்பது போன்ற, கையால் தொட்டு மாற்றக்கூடிய காரணம் ஒன்று கிடைக்கும். அப்படிக் கிடைத்த காரணத்தால் எந்த வேலைக் குறிப்பு மாறியது என்று அதன் எண்ணையும் புதிய ரிவிஷனையும் அதே படிவத்தில் எழுதுங்கள். எந்தக் குறிப்பும் மாறவில்லை, எந்தச் சாதனமும் மாறவில்லை என்றால் அறிக்கையை மூடக் கையெழுத்திடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, உள்தணிக்கைக்கு ஒரு வாரம் முன்பு, ஆவணப் பட்டியலை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு தாளையும் அதன் இடத்தில் தேடி, யார் கடைசியாக அதைப் பார்த்தார்கள் என்று அங்குள்ளவரிடம் கேளுங்கள். யாரும் பார்க்காத தாளைச் சூப்பர்வைசரிடம் காட்டி, அது தேவைதானா என்று முடிவு செய்து, தேவையில்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிப் பட்டியலிலும் நீக்கிவிடுங்கள். பட்டியலில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களையும் அதே சுற்றில் கவனியுங்கள்; அவற்றில் பயனுள்ளவற்றுக்கு எண் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ளலாம்.